புரோப்பன்-1-ஆலில் தொடங்கும் ஏ முதல் எச் வரை கணக்கு: எஃப் எது என்பதில் தகராறு

மஞ்சக்குட்டை மதி

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ, தமிழ் வழி, நீட்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். வார இறுதியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி டியூஷன் போகிறேன். அங்கே கொடுத்த கணக்கு இது, அப்படியே தருகிறேன்.

ஏ என்ற சேர்மத்தில் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். சோடியத்துடன் ஹைட்ரஜன் வாயு தருகிறது, லூகாஸ் கரணியுடன் அறை வெப்பநிலையில் கலங்கவில்லை. அடர் கந்தக அமிலத்துடன் 443 கெல்வினுக்குச் சூடாக்கினால் பி. பி-யுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் சி. சி-யை உலர் ஈதரில் மக்னீசியத்துடன் வினைப்படுத்தினால் டி. டி-யுடன் அசிட்டால்டிஹைடு சேர்த்து, பிறகு அமில நீரால் நீராற்பகுத்தால் ஈ. ஈ, அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு தரும். ஈ-யை அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் முதன்மை விளைபொருள் எஃப். எஃப்-ஐ ஓசோனேற்றம் செய்து துத்தநாகமும் நீரும் சேர்த்தால் ஜி, எச். இரண்டுமே அயோடோஃபார்ம் வினை தரும், ஆனால் டாலன்ஸ் கரணியுடன் வெள்ளி ஆடி தருவது ஜி மட்டும். எட்டையும் கண்டுபிடி.

ஈ வரைக்கும் எனக்கும் என் தோழிக்கும் ஒரே விடை, 3-மெத்தில்பியூட்டன்-2-ஆல். அப்புறம்தான் சண்டை. நான் எஃப் 3-மெத்தில்பியூட்-1-ஈன் என்றேன், அவள் 2-மெத்தில்பியூட்-2-ஈன் என்கிறாள். யார் சரி என்பதைவிட, ஏன் என்று தெரிந்தால் நல்லது. இன்னொன்று: ஈ-யுடன் கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் புரோமைடு போட்டால் புரோமின் இரண்டாவது கார்பனில் உட்காராது என்று சார் போகிறபோக்கில் சொல்லிவிட்டார், அது சுத்தமாகப் புரியவில்லை.

பொதுவாகவே எனக்கு இந்த மாதிரி நீளமான கணக்குதான் பிரச்சினை. ஒவ்வொரு வினையும் தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன், எட்டு எழுத்தைக் கோத்துக் கேட்டால் நடுவில் எங்கேயோ தடம் மாறிவிடுகிறது, மாறியது கடைசி வரைக்கும் தெரிவதும் இல்லை. வழியிலேயே சரிபார்த்துக்கொள்ள ஏதாவது முறை இருக்கிறதா?

அஸ்தம்பட்டி டியூஷன் சார்

உன் தோழி சொன்னதுதான் சரிம்மா. ஆனால் நீ அதை விதியை வைத்து முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை, கணக்கின் கடைசி வரியே சொல்லிக்கொடுக்கிறது.

உன் விடையை ஓசோனேற்றம் செய்து பார். 3-மெத்தில்பியூட்-1-ஈன் உடைந்தால் ஒரு பக்கம் ஃபார்மால்டிஹைடு, மறுபக்கம் 2-மெத்தில்புரோப்பனல். இரண்டும் ஆல்டிஹைடு, இரண்டும் வெள்ளி ஆடி தரும், இரண்டுமே அயோடோஃபார்ம் தராது. கொடுத்த குறிப்புக்கு நேர் எதிர். 2-மெத்தில்பியூட்-2-ஈன் உடைந்தால் அசிட்டோனும் அசிட்டால்டிஹைடும். இரண்டிலும் கார்பனைலை ஒட்டி ஒரு மெத்தில் இருக்கிறது, அதனால் இரண்டும் மஞ்சள் வீழ்படிவு தரும், ஆல்டிஹைடு மட்டும் வெள்ளி ஆடி தரும். ஜி அசிட்டால்டிஹைடு, எச் அசிட்டோன். முடிந்தது.

இதுதான் முதல் பழக்கம்: முன்னாலிருந்து மட்டும் நடக்காதே, வாலிலிருந்தும் வா. கேள்வி எழுதுகிறவர் கடைசியில் இரண்டு சோதனையைச் சும்மா போட மாட்டார்.

இரண்டாவது, ஒவ்வொரு அம்புக்குறியைத் தாண்டும்போதும் கார்பனை எண்ணு. இங்கே ஏ, பி, சி, டி நான்கிலும் மூன்றுதான். அசிட்டால்டிஹைடு சேரும்போது ஐந்து. எஃப்-பும் ஐந்து. ஜி-யும் எச்-சும் சேர்ந்து இரண்டு கூட்டல் மூன்று, கணக்கு நேராகிறது. நம் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்களே, பனி மூடினாலும் எத்தனையாவது வளைவில் இருக்கிறோம் என்று தெரிகிறதல்லவா, கார்பன் எண்ணிக்கை அந்த வேலையைத்தான் செய்யும். உன் பாடத்தில் கார்பன் சங்கிலியை நீட்டுகிற வினைகள் கொஞ்சம்தான்: பொட்டாசியம் சயனைடு ஒன்று கூட்டும், கிரிக்னார்டு கரணி (உன் கணக்கின் டி மாதிரி, ஹாலைடும் மக்னீசியமும் சேர்ந்து உருவாவது) ஃபார்மால்டிஹைடுடனோ கார்பன் டைஆக்சைடுடனோ சேர்ந்தால் ஒன்று கூட்டும், வேறு கார்பனைலுடன் சேர்ந்தால் அதில் எத்தனை கார்பனோ அத்தனை, ஆல்டால் குறுக்கம் இரண்டு மூலக்கூறை ஒட்டும். குறைப்பவை அதைவிடக் கொஞ்சம்: அயோடோஃபார்ம், சோடா சுண்ணாம்புடன் சூடாக்குவது, ஹாஃப்மன் புரோமமைடு, இவை ஒவ்வொன்றும் ஒரு கார்பனைக் கழற்றும்; ஓசோனேற்றம் இரண்டாக வெட்டும். மற்றபடி பெரும்பாலும் எண்ணிக்கை அசையாது, குழு மட்டும்தான் மாறும் அல்லது இடம் மாறும்.

இடம் மாறுவதைக் கவனிக்கத்தான் பி, சி இரண்டு படியும். ஏ-யில் ஹைட்ராக்சில் ஓரத்தில் இருந்தது. நீரை நீக்கிப் புரோப்பீன் ஆக்கி, மறுபடி ஹைட்ரஜன் புரோமைடு சேர்த்ததும் புரோமின் நடுக் கார்பனுக்கு வந்துவிட்டது. ஓரத்திலேயே வேண்டுமென்றால் பாஸ்பரஸ் டிரைபுரோமைடை நேரடியாகப் போட்டிருப்பார்கள்.

ஏ-யைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மூலக்கூறு வாய்பாட்டுக்கு மூன்று பேர் உண்டு: புரோப்பன்-1-ஆல், புரோப்பன்-2-ஆல், மெத்தாக்சி எத்தேன். ஈதரும் லூகாஸுடன் கலங்காது, அதனால்தான் சோடியம் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஈரிணைய ஆல்கஹால் என்றால் ஐந்து பத்து நிமிடத்தில் கலங்கியிருக்கும், மூவிணையம் உடனே. ஒருவேளை நீ ஏ-யைப் புரோப்பன்-2-ஆல் என்று எழுதியிருந்தாலும் பி புரோப்பீன்தான், அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றே. அந்த மாதிரி இடத்தில் தவறு பின்னால் வெளியே தெரியவே தெரியாது, முதல் வரிக் குறிப்பை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

நாலு ரோடு

இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. ஒரு சார்ட் பேப்பர் வாங்கி நடுவில் ஆல்கஹால் என்று எழுதி, சுற்றிலும் எல்லா அம்புக்குறியும் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தினம் பார்த்தால் மண்டையில் ஏறிவிடும். போன வருஷம் நான் இப்படித்தான் ஒப்பேற்றினேன்.

ஃபியூம் ஹுட்

சார்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மதி கேட்கிற இடத்தில் சார்ட் கைவிட்டுவிடும். சார்ட்டில் "ஆல்கஹால், ஹைட்ரஜன் புரோமைடு, புரோமைடு" என்று ஒரே அம்புதான் இருக்கும். அந்த அம்புக்குள் என்ன நடக்கிறது என்பது இருக்காது.

நான் சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, இப்போது மருந்துக் கம்பெனி ஒன்றில் சிந்தஸிஸ் லேபில் இருக்கிறேன். மதி, ஈ-யை எடுத்துக்கொள். இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில், பக்கத்து மூன்றாவது கார்பனில் ஒரே ஒரு ஹைட்ரஜனும் இரண்டு மெத்திலும். அமிலம் ஹைட்ராக்சிலைப் புரோட்டான் ஏற்றம் செய்கிறது, நீர் கிளம்பிப் போகிறது, இரண்டாவது கார்பனில் நேர்மின் சுமை, அதாவது ஈரிணைய கார்பன் நேர் அயனி. பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இரட்டையோடு இங்கே தாவினால் சுமை மூன்றாவது கார்பனுக்குப் போய்விடும், அது மூவிணையம், அதிக நிலைப்புத்தன்மை உடையது. தாவும். இதுதான் ஹைட்ரைடு நகர்வு. இப்போது புரோமைடு அயனி வந்தால் எங்கே உட்காரும்? சுமை இருக்கும் இடத்தில், மூன்றாவது கார்பனில். அதிலிருந்து பெயரிட்டால் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். உங்கள் சார் சொன்னது இதுதான்.

இதே ஈ-யுடன் பாஸ்பரஸ் டிரைபுரோமைடைப் போட்டிருந்தால் கார்பன் நேர் அயனி தனியாக உருவாகாது, புரோமைடு பின்பக்கமிருந்து தாக்கும்போதே ஆக்சிஜன் விலகும், நகர நேரமில்லை. அப்போது 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன். அம்புக்குறிக்கு மேல் எழுதியிருக்கும் கரணி மாறினால் எலும்புக்கூட்டில் குழு இருக்கும் இடமே மாறுகிறது. எனவே ஆல்கஹாலையும் ஹைட்ரஜன் ஹாலைடையும் சேர்த்துப் பார்த்தால் உடனே பக்கத்து கார்பனை ஒரு முறை பார்த்துவிடு, அங்கே மூவிணையமாக மாற வாய்ப்பு இருந்தால் கேள்வி அதைத்தான் குறிவைக்கிறது.

எஃப்-க்கு வருவோம். நகர்வுக்கு முன்பே மூன்றாவது கார்பனின் ஹைட்ரஜன் போனாலும் சரி, நகர்ந்த பிறகு இரண்டாவது கார்பனின் ஹைட்ரஜன் போனாலும் சரி, இரண்டு வழியும் 2-மெத்தில்பியூட்-2-ஈனுக்குத்தான் வந்து சேருகின்றன. இரட்டைப் பிணைப்பில் அதிக ஆல்கைல் குழுக்கள் உள்ள ஆல்கீனே முதன்மை என்கிற செயிட்செஃப் விதியும் அதையே சொல்கிறது. நிஜத்தில் குடுவையில் 2-மெத்தில்பியூட்-1-ஈனும், நீ சொன்ன 3-மெத்தில்பியூட்-1-ஈனும் கொஞ்சம் கிடக்கும். அதற்காகத்தான் கேள்வியில் "முதன்மை" என்ற சொல் இருக்கிறது.

சி-யில் இன்னொரு பொறி. புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு என்று மட்டும் போட்டிருந்தால் மார்கோனிகாஃப் விதி, அதாவது ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும், புரோமின் நடுவில். கூடவே "பெராக்சைடு முன்னிலையில்" என்று ஒரு சொல் இருந்தால் புரோமின் ஓரத்துக்குப் போகும், இதை 1933-இல் காராஷும் மேயோவும் காட்டினார்கள். அந்த ஒரு சொல்லால் டி நேர்ச்சங்கிலி ஆகிவிடும், ஈ பென்டன்-2-ஆல், எஃப் பென்ட்-2-ஈன், கடைசியில் அசிட்டோனுக்குப் பதில் புரோப்பனல் வரும். ஹைட்ரஜன் குளோரைடுக்கும் அயோடைடுக்கும் இந்தப் பெராக்சைடு வித்தை பலிக்காது, அதையும் தேர்வில் மாற்றிப் போட்டு ஏமாற்றுவார்கள்.

சாருக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ஏ-யிலிருந்து பி வரும்போது ஓரிணைய கார்பன் நேர் அயனி உருவாகிறது என்று பல கைடுகளில் படம் போடுகிறார்கள். அது அத்தனை எளிதில் உருவாகிற அயனி இல்லை, நீர் விலகுவதும் பக்கத்து ஹைட்ரஜன் பிடுங்கப்படுவதும் ஒரே நேரத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்வதே சரி. விடை மாறாது, ஆனால் கல்லூரிக்குப் போனதும் இது கேட்கப்படும்.

அஸ்தம்பட்டி டியூஷன் சார்

ஒத்துக்கொள்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டால் ஓடிவிடுகிறது என்பதால் போடுகிறோம். மதி, இப்போது உனக்கு ஒரு வேலை. கரிம மூலமாக எத்தனால் மட்டும்தான் கொடுப்பேன், கனிமக் கரணிகளும் உலர் ஈதரும் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். 3-மெத்தில்பென்டன்-3-ஆல் செய்து காட்டு. எத்தனாலுக்குக் கவலை இல்லை, நம் ஊர்க் குச்சிக்கிழங்கு மாவை நீராற்பகுத்து ஈஸ்ட் போட்டாலே வந்துவிடும். ஆறு கார்பன் வேண்டும், கையில் இருப்பது இரண்டு இரண்டாக. எங்கே வெட்டுவாய்?

மஞ்சக்குட்டை மதி

சார், அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. எஃப் விஷயத்தில் தோழிக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டியதாகிவிட்டது.

கணக்குக்கு என் வழி. வாலிலிருந்து வந்தேன். ஹைட்ராக்சில் இருக்கும் கார்பனில் ஒரு மெத்தில், இரண்டு எத்தில். மூவிணையம், அதனால் கீட்டோன் கூட்டல் கிரிக்னார்டு. மெத்திலை வெட்டினால் பென்டன்-3-ஓனும் மெத்தில் மக்னீசியம் புரோமைடும் வேண்டும், எத்தனாலிலிருந்து ஒற்றைக் கார்பனைச் செய்வது சுற்று வழி, அதனால் எத்திலை வெட்டினேன். பியூட்டனோனும் எத்தில் மக்னீசியம் புரோமைடும். பியூட்டனோன் வேண்டுமென்றால் பியூட்டன்-2-ஆலை ஆக்சிஜனேற்றம் செய்யணும். பியூட்டன்-2-ஆல், அசிட்டால்டிஹைடும் மறுபடி அதே எத்தில் மக்னீசியம் புரோமைடும்.

ஆக எத்தனாலை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைச் சூடான தாமிரத்தின் மேல் 573 கெல்வினில் ஆவியாக அனுப்பி அசிட்டால்டிஹைடு. டைகுரோமேட் போட்டால் அமிலம் வரை போய்விடும் என்று அதை எடுக்கவில்லை. மற்ற இரண்டு பங்கும் பாஸ்பரஸ் டிரைபுரோமைடு, பிறகு மக்னீசியம். சேர்த்து நீராற்பகுத்தால் பியூட்டன்-2-ஆல், அதற்கு டைகுரோமேட், கீட்டோனில் நின்றுவிடும், மறுபடி கிரிக்னார்டு. இரண்டு கூட்டல் இரண்டு கூட்டல் இரண்டு, ஆறு. சரியா சார்?

ஃபியூம் ஹுட்

சரி மட்டுமல்ல, மெத்திலை ஏன் வெட்டவில்லை என்று காரணம் சொன்னாயே, அதற்கே மதிப்பெண் கொடுக்கலாம்.

இன்னும் குட்டையான வழி ஒன்று இருக்கிறது. ஒரே கார்பனில் ஒரே மாதிரி இரண்டு எத்தில் இருப்பதைப் பார்த்ததும் எஸ்டர் நினைவுக்கு வரணும். எத்தனாலில் ஒரு பங்கை அமிலம் கலந்த டைகுரோமேட்டால் அசிட்டிக் அமிலம் வரைக்கும் கொண்டுபோ. அதோடு இன்னொரு பங்கு எத்தனாலையும் சில துளி அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் எத்தில் அசிட்டேட். அதன் மேல் இரண்டு மடங்கு எத்தில் மக்னீசியம் புரோமைடு. முதல் மூலக்கூறு தாக்கும்போது ஈத்தாக்சைடு வெளியேறிப் பியூட்டனோன் உருவாகிறது, கீட்டோன் எஸ்டரைவிடச் சுறுசுறுப்பு என்பதால் அங்கே நிற்காமல் இரண்டாவது மூலக்கூறை உடனே பிடித்துக்கொள்கிறது. நீராற்பகுத்தால் நேராக 3-மெத்தில்பென்டன்-3-ஆல். லூகாஸ் போட்டால் உடனே கலங்கும்.

தாளில் இது சுலபம். லேபில் எஸ்டரில் ஒட்டியிருக்கும் எத்தனாலையும் அமிலத்தையும் கழுவி, நன்றாக உலர்த்தி, வடித்து எடுக்காவிட்டால் கிரிக்னார்டு அவற்றிடமே செத்துப்போகும். ஈதர் அதைவிடப் படுத்தும். டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 பாகை செல்சியஸ், சேலத்தில் சித்திரை மதியம் 38, 39 சாதாரணம், பாட்டிலைத் திறந்தாலே கொதிக்கத் தயாராக இருக்கும். வினையோ வெப்பம் உமிழ்வது, கண்டன்சரில் ஐஸ் தண்ணீர் ஓடாவிட்டால் கரைப்பான் மொத்தமும் அறைக்குள் வந்துவிடும், பக்கத்தில் ஒரு பொறி போதும். ஏற்காடு குளிர்ச்சி, அங்கே தப்பிக்கலாம் என்று நினைக்காதே, 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 95 பாகையை ஒட்டிக் கொதிக்கிறது, ஈதர் 30-ஐ ஒட்டிக் கிளம்பிவிடும். போதாக்குறைக்கு மழைக்கால ஈரம். எங்கள் லேபில் பெரும்பாலும் டெட்ராஹைட்ரோஃபியூரான், அது 66 பாகை.

வெள்ளைக்கல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மக்னீசியம் என்றதும் நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கம் ஞாபகம் வந்தது. அந்த மக்னீசியத்தைத்தான் கிரிக்னார்டுக்குப் போடுகிறார்களா?

ஃபியூம் ஹுட்

இல்லைங்க. வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டு ஆக்சைடாக்கி, உலைகளுக்கு உள்பூச்சு போடும் தீச்செங்கல்லுக்குத்தான் அனுப்புகிறார்கள். கிரிக்னார்டுக்கு உலோகமே வேண்டும், சீவல் சீவலாக வரும். மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் வினையைத் தொடங்க விடாது, அதனால் ஒரு சிட்டிகை அயோடின் போடுவோம். பழுப்பு நிறம் மறைந்து கலவை கலங்க ஆரம்பித்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மஞ்சக்குட்டை மதி

அக்கா, கடைசியாக ஒன்று. எஸ்டர் ஆக்குகிற வேலை எதற்கு, அசிட்டிக் அமிலத்தின் மேலேயே நேராக எத்தில் மக்னீசியம் புரோமைடை ஊற்றினால் ஆகாதா? அங்கேயும் கார்பனைல் இருக்கிறதே.

ஃபியூம் ஹுட்

கார்பனைலை அது எட்டிப் பார்க்கும் முன்பே அமில ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஈத்தேனாகி வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது அசிட்டேட் உப்பு, ஏற்கெனவே எதிர்மின் சுமையோடு இருப்பதால் இன்னொரு கிரிக்னார்டு அதைத் தாக்க ரொம்பவே தயங்கும். ஆல்கஹால், நீர், அமைன், ஓர அல்கைன் எல்லாவற்றிடமும் இதே கதைதான், அசையும் ஹைட்ரஜன் இருந்தால் முதலில் அதுதான் போகும். உன் முதல் கணக்கின் டி-யில் அசிட்டால்டிஹைடுக்குப் பதில் கன நீரை ஊற்றினால் புரோப்பேனின் நடுக் கார்பனில் ஒரு டியூட்டீரியம் உட்காரும். இதுவும் நீட்டில் கேட்கக்கூடியதுதான்.